எனக்கும்தான்

கிரீம் பூ வைக்கும்போது கை நடுங்கக் கூடாது. சின்னவளுக்கு இன்று காலையிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறையாக அதே ரோஜாவைக் கத்தி முனையால் வழித்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

இரண்டு அடுக்குக் கேக். மாலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று பெரியவள் ஓரத்தில் முத்து முத்தாக கிரீம் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும் இப்படித்தான், ஒரே கேக்கின் இரண்டு பக்கத்தில் நின்று இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டார்கள். வீட்டின் பின்னறைதான் கடை. அறைக்குள் எப்போதும் வெனிலா வாசம். ஓவன் சூட்டில் இருவர் முகமும் எப்போதும் சிவந்தே இருக்கும்.

போன வாரம் இந்தக் கதையில் சின்னவளை எப்படி விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தால் நமக்கே சங்கடமாக இருக்கிறது. நாற்காலியைவிட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு வாடிக்கையாளர் தன் மகனின் பிறந்தநாள் கேக்குக்கு ஆற அமர நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். எழுந்தால் வெள்ளை ஏப்ரனும் நாற்காலி மெத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவள்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு, அந்த மனிதரைப் பேச்சுக் கொடுத்தே வாசல் வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனாள். பிறகு அந்த மெத்தையைத் தேய்த்துக் கழுவியதும் அவளேதான்.

அவ்வளவு உதிரம். மாதவிலக்கு நின்றுபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன பெண்ணுக்கு.

புதிதாக வந்தவர்களுக்காக, எல்லாவற்றுக்கும் காரணமான அந்த டயட் கதையைச் சொல்லிவிடுகிறேன். முட்டி வலிக்கிறது, எடையைக் குறைத்தே தீருவேன் என்று கீட்டோவைத் தொடங்கியவள் பெரியவள். அவள் தொடங்கினால் சின்னவள் சும்மா இருப்பாளா? வாழ வந்த நாளிலிருந்தே இருவருக்கும் ஏட்டிக்குப் போட்டிதான். ஒருத்தி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் அடுத்த வாரம் மற்றவளும் வெட்டிக்கொண்டு வந்து நிற்பாள். சண்டை என்று சொல்ல முடியாது. ஒருத்தியை முந்த விடாமல் இன்னொருத்தி கூடவே ஓடுவது. அதில் ஒரு பாசமும் இருந்தது, கொஞ்சம் விஷமும் இருந்தது.

ரொட்டி, சர்க்கரை, கிழங்கு, பழம் எல்லாம் ஒரே நாளில் விலக்கப்பட்டன. முட்டையும் வெண்ணெயும் சீஸும் கோழிக்கறியும் மேசை ஏறின. எடை பார்க்கிற மெஷின் ஒன்று வந்து குளியலறை வாசலில் உட்கார்ந்துகொண்டது. ஒருத்தி ஏறும்போது மற்றவள் கண்கொத்திப் பாம்பாக முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சர்க்கரையை நாக்கில் வைப்பதில்லை என்று கேக் செய்கிறவர்களே சத்தியம் செய்துவிட்டால் கடை என்ன ஆவது? கிரீமைச் சுவை பார்க்க ஓர் ஆள் வேண்டுமே? அந்தப் பதவி சின்னவரைத் தேடி வந்தது. சின்னவளின் கணவர். கேக்குகளை வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் அவருடையதுதான். ‘ருசி அதிகாரி’ என்று வீட்டில் பட்டம் வைத்தார்கள். பெண்கள் இருவரும் இழந்த எடை எங்கேயும் போய்விடவில்லை, அப்படியே அவர் வயிற்றுக்கு மாற்றலாகிப் போனது. பெரியவளின் கணவர் இருந்திருந்தால் அந்தப் பதவிக்கு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

டயட் தொடங்கிய இரண்டாவது மாதம் சின்னவளுக்கு மாதவிலக்கு திரும்பவும் வந்தது.

முதலில் அவள் பயந்துதான் போனாள். எதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். பெரியவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று இந்த அறைக்கு வந்தாள். முட்டையை அடித்துக்கொண்டிருந்த பெரியவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்:

“எனக்கும்தான்.”

“உங்களுக்குமா அக்கா?”

“போன வாரமே வந்துருச்சு. கொழுப்பு கரையுதுல்ல, அதுல தேங்கிக் கிடந்ததெல்லாம் வெளிய வருது. உடம்பு இளசாகுதுடி. இதுக்குப் போய் டாக்டரா?”

இளசாகுது என்ற அந்தச் சொல்லில் சின்னவள் சொக்கிப்போனாள். மாதவிலக்கு நின்ற வருடம் அவள் உள்ளுக்குள் எப்படி ஒடிந்துபோயிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு கதவைச் சத்தமில்லாமல் யாரோ சாத்திவிட்டுப் போனதுபோல இருந்தது அவளுக்கு. இப்போது அது திறந்துவிட்டது என்றால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

அதன்பிறகு தேதி தவறித் தவறி வந்தது. வந்தபோதெல்லாம் முன்னைவிட அதிகமாக வந்தது. ஒவ்வொரு முறையும் சின்னவள் கேட்பாள், “உங்களுக்கு?” ஒவ்வொரு முறையும் அதே பதில்.

இதுதான் இதுவரை. இப்போது மணி பத்தாகப்போகிறது. மருத்துவமனையில் நேரம் வாங்கியிருக்கிறது.

“நீ போயிட்டு வா. நான் பூவையும் சேர்த்து முடிச்சு வெக்கிறேன்” என்றாள் பெரியவள், தலையை நிமிர்த்தாமல்.

“நீங்களும் வாங்கக்கா. கேக் சாயங்காலம்தானே.”

“நான் எதுக்கு?”

“எதுக்கா? எனக்கு வர்றதுதானே உங்களுக்கும் வருது? நான் மட்டும் காட்டிட்டு வந்தா போதுமா?”

“கிரீம் இளகிடும்டி.”

“ஃபிரிட்ஜ்ல வெச்சா இளகாது.”

“முட்டி வலிக்குது.”

“மூணு மாசமா முட்டி வலியே இல்லன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறீங்க!”

எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற பெரியவள் இதற்குப் பதில் சொல்லவில்லை. சின்னவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். பயத்தில் இருப்பவள் எதைக் கவனிப்பாள்? பெரியவளின் கைப்பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டு, கேக்கை அலுங்காமல் ஃபிரிட்ஜுக்குள் தள்ளினாள்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதை மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு நாளாக இருந்தால் ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

“கண்ணாடி தலையில இருக்கு டாக்டர்” என்று சின்னவள் மெதுவாகச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். நின்றது, டயட், திரும்ப வந்தது, போன வாரத்து நாற்காலி.

“முதல் தடவை வந்தப்பவே ஏன் வரல?”

“டயட்டாலதான்னு நினைச்சுட்டேன்.”

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

“டயட்டால ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. திடீர்னு எடை இறங்கினாலும், மாவுச்சத்தை ஒரேயடியா நிறுத்தினாலும் மாதவிலக்கு முன்னப்பின்ன ஆகும். நிக்கப்போற வயசுல இருக்கறவங்களுக்கு இன்னும் தாறுமாறாகும். சிலருக்குத் தள்ளிப்போகும், சிலருக்கு அடிக்கடி வரும். நின்னே போனவங்க சில பேர்கூட இந்த டயட்ல திரும்ப வந்துச்சுன்னு சொல்றாங்க. ஏன்னு யாருக்கும் தீர்மானமாத் தெரியாது.”

“அப்ப பரவாயில்லையா டாக்டர்?”

“அங்கதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. ஒரு வருஷம் சுத்தமா நின்னுட்டு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் காட்டணும். வேற ஒண்ணும் இல்லைன்னு நாங்க பார்த்துச் சொன்னதுக்கு அப்புறம்தான் டயட் மேல பழியைப் போடணும். நீங்க தலைகீழாப் பண்ணிட்டீங்க.”

“வேற ஒண்ணுன்னா?”

“பெரும்பாலும் சாதாரணமானதாத்தான் இருக்கும். சாதாக் கட்டி, இல்லேன்னா கர்ப்பப்பையோட உள்சவ்வு மெலிஞ்சிருக்கும். கொஞ்சம் பேருக்குப் புத்துநோயா இருக்கும். அதுவும் ஆரம்பத்துலயே வந்தா குணப்படுத்திடலாம்.”

ஆரம்பத்திலேயே என்ற சொல் சின்னவளின் நெஞ்சில் போய்க் குத்தியது. அவள் ஆரம்பத்தில் செருப்பை மாட்டியவள்தானே.

உடனே அவள் கவலை தன்னைவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்மீது தாவியது. “டாக்டர், அக்காவையும் பார்த்துடுங்க. அவங்களுக்கும் இப்படித்தான். நின்னு நாலஞ்சு வருஷம் ஆகுது, டயட் ஆரம்பிச்சதும் திரும்ப வருது.”

மருத்துவர் பெரியவள் பக்கம் திரும்பினார். “நாலஞ்சு வருஷம் கழிச்சா? அம்மா, அப்படின்னா உங்களைத் தள்ளிப்போடவே கூடாது. நிறைய போகுதா?”

“கொஞ்சம்தான்” என்றாள் பெரியவள்.

“கொஞ்சமோ நிறையவோ, ரெண்டு பேருமே ஸ்கேன் எடுத்துடுங்க.”

சின்னவளை முதலில் அழைத்தார்கள்.

திரையில் தெரிந்த சாம்பல் நிறப் புகையில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கேன் எடுத்த பெண் பேச்சை நிறுத்தியது மட்டும் புரிந்தது. அதுவரை கேக் கடையைப் பற்றி வாயோயாமல் விசாரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அமைதியாகிவிட்டாள். பிறகு மருத்துவரே வந்து நின்று பார்த்தார்.

“உள்சவ்வு இந்த வயசுக்கு இருக்க வேண்டியதைவிடத் தடிமனா இருக்கும்மா. ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். இன்னைக்கே எடுத்துடலாமா?”

“இன்னைக்கே எடுத்துடுங்க” என்றாள். இன்னொரு நாள் துணிச்சல் வருமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மெல்லிய குழாய்தான், கொஞ்ச நேரம்தான் என்றார்கள். கொஞ்ச நேரம்தான் ஆனது. ஆனால் அடிவயிற்றுக்குள் யாரோ திருகிப் பிடுங்குவதுபோன்ற அந்த வலிக்கு அவள் தயாராக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே விளக்கையே பார்த்தாள். இதைப் பெரியவள் எப்படித் தாங்குவாள் என்றுதான் நினைத்தாள். ஓவன் தட்டு லேசாகச் சுட்டாலே வீடே அதிரக் கத்துகிறவள். உள்ளே வருமுன் அவளிடம் நன்றாக மூச்சை இழுத்து விடச் சொல்ல வேண்டும், வலி சீக்கிரம் போய்விடும் என்று சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். நாற்காலியில் பெரியவள் இல்லை. கைப்பை மட்டும் இருந்தது.

“உங்க கூட வந்தவங்க கூப்பிடக் கூப்பிட வர மாட்டேங்கறாங்க” என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார். “அங்க நிக்கறாங்க பாருங்க.”

நடைபாதையின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள் பெரியவள்.

“அக்கா, வாங்க. ஒண்ணும் பயமில்ல. நானே தாங்கிட்டேன்.”

“எனக்கு வேண்டாம்.”

“வேண்டாம்னா எப்படி? எனக்குத் தடிச்சிருக்காம். சதை எடுத்திருக்காங்க. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்துதுன்னா? டாக்டர் உங்களைத்தான் தள்ளிப்போடக் கூடாதுன்னு சொன்னாங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?”

சொல்லும்போதே சின்னவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. தனக்காக அதுவரை வராத அழுகை.

அதைப் பார்த்ததும் பெரியவள் உடைந்துபோனாள்.

“எனக்கு வரலடி.”

“என்ன வரல?”

“எனக்கு வரவே இல்ல. ஒரு தடவைகூட வரல.”

சின்னவளுக்குப் புரியவில்லை. புரியாமலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

“மாசாமாசம் சொன்னீங்களே. இடுப்பு விட்டுப்போகுதுன்னு படுத்தீங்களே. சுடுதண்ணிப் பையில நான்தானே தண்ணி ஊத்திக் கொண்டுவந்து குடுத்தேன்? எனக்கும் வந்திருந்துது அன்னைக்கு. நிக்க முடியாம நின்னு உங்களுக்குத் தண்ணி காயவெச்சேன்.”

பெரியவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஏன்?”

“நீ வந்து சொன்னப்ப உன் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பொண்ணு மாதிரி இருந்தே. எனக்கு வயிறு எரிஞ்சுதுடி. ஒண்ணாத்தானே ஆரம்பிச்சோம், நான்தானே முதல்ல ஆரம்பிச்சேன். இவளுக்கு மட்டும் இளமை திரும்பி வருதா, வீட்டுல புருஷனும் இருக்காரு, இதுவும் வருதா, எனக்கு மட்டும் எல்லாம் முடிஞ்சுபோச்சான்னு... வாயில வந்துருச்சு. சத்தியமா அதுக்கு மேல ஒண்ணும் நினைக்கல. அப்புறம் நீ ஒவ்வொரு தடவையும் கேட்டப்ப மாத்திச் சொல்ல வாய் வரல.”

ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். இருவரும் தள்ளி நின்று வழிவிட்டார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தார்கள். மரியாதை தெரிந்த பெண்கள், வேறென்ன செய்வார்கள்.

“நான் அன்னைக்கே கிளம்பினேன்” என்றாள் சின்னவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “செருப்பு மாட்டிட்டேன். சொல்லிட்டுப் போகத்தான் உங்கிட்ட வந்தேன். நீதான் என்னை நிறுத்தினே.”

வாழ வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் பெரியவளை நீ என்று சொன்னதில்லை. எவ்வளவு பெரிய சண்டையிலும் சொன்னதில்லை. பெரியவள் கையை முகத்திலிருந்து எடுத்து அவளைப் பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நர்ஸ் மறுபடி பெயரைக் கூப்பிட்டார். சின்னவள் போய், “அவங்களுக்கு ஸ்கேன் தேவையில்லையாம். தப்பாச் சொல்லிட்டோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து கேக்கை வெளியே எடுத்தார்கள். துக்கம் வந்தாலும் கேக் கேக்தான், சொன்ன நேரத்துக்குப் போயாக வேண்டும். எதிரும் புதிருமாக நின்று வேலையைத் தொடர்ந்தார்கள். அடிவயிறு இன்னும் வலித்துக்கொண்டிருந்ததால் சின்னவள் அவ்வப்போது மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். பெரியவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பின்னால் போட்டாள். சின்னவள் உட்காரவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் இப்போது அவள் கை நடுங்கவில்லை. பூக்கள் ஒவ்வொன்றாக ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. கோபத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு போலிருக்கிறது.

கண்ணீர் கேக்கில் விழுந்துவிடக் கூடாதே என்று பெரியவள் நொடிக்கொரு தரம் முகத்தைத் திருப்பித் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். சின்னவள் பார்க்காதவள்போல இருந்தாள். அவளுக்குள் இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, பாவம், தனிமையில் வெந்திருக்கிறாள், ஒரு சொல்தானே என்றாள். இன்னொருத்தி, அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன விலை கொடுக்கப்போகிறேன் என்று இன்னும் தெரியவில்லையே என்றாள். இரண்டாவது ஆளுக்குத்தான் குரல் பெரிதாக இருந்தது.

கையைத் தேய்த்துக்கொண்டே சின்னவர் உள்ளே வந்தார். “ருசி அதிகாரி ஆஜர். எங்கே என் பங்கு?”

பெரியவள் ஒரு கரண்டி கிரீமை எடுத்து நீட்டினாள். கண்ணை மூடிச் சுவைத்துவிட்டு, “ஆகா! இந்தக் கேக்கை அவங்க வெட்டறதுக்குள்ள நான் வெட்டிடுவேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் இருவர் முகத்தையும் பார்த்தார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

சின்னவள் கிரீம் கோனைக் கீழே வைத்தாள். மறைக்காமல் சொன்னாள். தடித்திருப்பதை, சதை எடுத்ததை, முடிவு வரும்வரை எதுவும் சொல்ல முடியாது என்பதை. மருத்துவர் உச்சரித்த அந்த நோயின் பெயரையும் சொன்னாள். சின்னவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பெரியவளை நிமிர்ந்து பார்த்தார். “அண்ணி, உங்களுக்கும் அதே மாதிரி வந்துச்சுன்னு இவ சொன்னாளே. உங்களுக்கும் பார்த்தாங்களா?”

பெரியவள் வாயைத் திறந்தாள்.

“அவங்களுக்கு ஒண்ணுமில்ல” என்றாள் சின்னவள்.

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”

சின்னவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. “அப்பாடா! அதானே பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே டயட், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்துச்சு. அண்ணிக்கு ஒண்ணுமில்லைன்னா உனக்கும் ஒண்ணும் இருக்காது. டயட்டாலதான் வந்திருக்கும். நீ வீணா மனசைப் போட்டு உழப்பிக்காதே.”

அவள் எதை நம்பி இத்தனை மாதம் ஏமாந்தாளோ, அதையே பிடித்துக்கொண்டு அவர் ஆறுதல் அடைந்துவிட்டார். கேக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேனுக்குப் போகும்போது சன்னமாக ஏதோ பாட்டை முனகவும் செய்தார். சின்னவள் வாசல்வரை போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முனகல் தேயும்வரை அவளால் நகர முடியவில்லை.

திரும்பி வந்தபோது பெரியவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

“ஏன்டி சொல்லல? சொல்லியிருக்கலாம். எனக்கு அது வேணும்.”

“சொன்னா அவர் உங்களைப் பார்க்கற பார்வையை நான் நின்னு பார்க்கணும். இன்னைக்கு அதுக்குத் தெம்பில்ல.”

“நான் சொல்லிடறேன். தம்பி வந்ததும் நானே சொல்லிடறேன்.”

“இன்னைக்கு ஒரு ராத்திரியாவது அவர் தூங்கட்டும்.”

பெரியவள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். “நல்லபடியா வரும்டி. கட்டாயம் நல்லபடியா வரும். அப்ப என்னை மன்னிச்சிடுவியா?”

“நல்லபடியா வந்தா மன்னிக்கறது ஒண்ணும் பெரிசில்லக்கா. வரலைன்னா என்ன பண்றதுன்னுதான் தெரியல. அப்ப உங்களை மன்னிக்க எனக்கு நாள் இருக்குமோ இல்லையோ.”

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மனசில் இருந்ததைத்தான் சொன்னாள். அதனால்தான் பெரியவளால் அழக்கூட முடியவில்லை.

பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தபோது போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து. சின்னவள் ஈரக் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினாள். பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வந்துவிடும், நேரில் வந்துதான் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றது ஒரு பெண் குரல். “கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துடுங்கம்மா. யார் வர்றாங்க, பெயர் எழுதிக்கறேன்.”

“தம்பியைச் சொல்லு” என்று பெரியவள் கிசுகிசுத்தாள்.

சின்னவள் ஓடும் தண்ணீரில் ஒரு கிண்ணத்தை அலசி வைத்தாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, பெரியவளின் பெயரைச் சொன்னாள்.

போனை வைத்ததும் பெரியவள் கேட்டாள், “தண்டனையா? அந்தச் சேதியை நான் என் காதால கேக்கணும்னா? சரி, கேக்கறேன். அது எனக்கு வேண்டியதுதான்.”

“தெரியல. கோபம் போகல. போகும்னும் தோணல.” சின்னவள் தண்ணீரை நிறுத்தினாள். “ஆனா டாக்டர் அந்தக் கவரைப் பிரிக்கறப்ப நான் யாரையாவது பிடிச்சுக்கணும். அவரைக் கூட்டிட்டுப் போனா அவர்தான் பயந்துபோய் என்னைப் பிடிச்சுக்குவாரு. எனக்கு உங்களை விட்டா ஆளில்லக்கா.”

பெரியவள் தாங்க முடியாமல் ஓர் எட்டு முன்னால் வந்து கையை நீட்டினாள்.

சின்னவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“இப்ப வேண்டாம்” என்றாள். “அன்னைக்குக் குடுங்க.”